ஆய்வு பிந்தினால் வதந்தி முந்தும்

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் இறக்காமத்தில் நிகழ்ந்ததை அம்பாறை மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கந்தூரி ஒன்றில் சோறுண்ட மக்கள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு துவண்டு வீழ்ந்தனர். நூற்றுக்கணக்கானோர் சுற்றுப்புறத்து வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். மூவர் மாண்டனர். நேர்ந்து சமைத்த சோறு. பரக்கத்தை நாடி உண்ட சோறு. அதுவே நஞ்சாக மாறிய கொடுமையை என்னென்பது!

இத்தகைய துயரம் நேரும்போதெல்லாம் ஊரில் மூன்று கேள்விகள் எழுகின்றன. எந்த உணவு கெட்டது? எந்தக் கிருமி கெடுத்தது? அக்கிருமி எங்கிருந்து வந்தது? முதற் கேள்விக்கு ஊரார் அன்றிரவே விடை கண்டுவிடுகின்றனர். இறைச்சி என்பார் ஒருவர். தயிர் என்பார் இன்னொருவர். கிணற்று நீர் என்பார் மூன்றாமவர். சமையற்காரரை நோக்கி விரலை நீட்டுவார் நான்காமவர். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்ல வல்லது ஆய்வுகூடம் ஒன்றே. அது வாய் திறப்பதற்குள் கிடாரங்கள் கழுவப்பட்டுவிடுகின்றன. எஞ்சிய சோறு புதைக்கப்பட்டுவிடுகின்றது. நோயாளர் வீடு திரும்பிவிடுகின்றனர். பழி மட்டும் யாரோ ஒருவரின் தலையில் நிலைத்து நின்றுவிடுகின்றது.

விரைந்து கிருமியைக் கண்டறியும் ஆய்வுகூடம் கல்முனைக் கரையிலேயே வேண்டும் என்று நாம் கேட்பதற்குக் காரணம் இதுவே. இதனை வைத்தியர்கள் மட்டும் பேசி முடிக்க வேண்டிய விடயமாகக் கருதுவோர் இக்கட்டுரையை இறுதிவரை வாசிக்க வேண்டுகிறோம். இது உழவனின் பிழைப்பையும், கடைக்காரரின் மானத்தையும், இம்மாவட்டத்தின் அமைதியையும் தொட்டு நிற்கும் விடயம்.

முதலில் நம் பத்திரிகைகள் செய்யும் பிழை ஒன்றைத் திருத்திக்கொள்வோம். "உணவு ஒவ்வாமையால் மாணவர்கள் வைத்தியசாலையில்" என்று தலைப்பிடுவது இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வாமை என்பது உண்பவர் உடலின் இயல்பு. இறால் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும். மற்றொருவருக்குத் தடிப்பை உண்டாக்கும். நூறு பேர் ஒரே சோற்றை உண்டு ஒரே இரவில் வீழ்ந்தால் அதற்குப் பெயர் ஒவ்வாமை அன்று, உணவு நஞ்சாதல். முன்னைய சொல் குற்றத்தை உண்டவர் மேல் ஏற்றுகிறது. பின்னைய சொல் உணவை ஆராயச் சொல்கிறது. பெயர் பிழைத்தால் விசாரணையும் பிழைக்கும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. உணவு நஞ்சாதல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அட்டவணையில் அதற்கெனத் தனி நிரல் உண்டு. அதே அட்டவணையில் அம்பாறைக்கு ஒரு வரி; கல்முனைக்குத் தனியே இன்னொரு வரி. நோயாளரை எண்ணும்போது கல்முனை தனிப் பிராந்தியம். எண்ணத் தகுந்த பிராந்தியம் ஆராயவும் தகுந்ததன்றோ?

இனி, கிடாரத்துக்குள் நடப்பது யாது என்று பார்ப்போம். கொதித்த உணவில் கிருமி இராது என்பது நம் தாய்மாரின் நம்பிக்கை. அது பெரும்பாலும் உண்மை. முழு உண்மை அன்று. குளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்னும் பற்றீரியா, விதை போன்ற கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக் கொதிநீரையும் தாங்கி நிற்கும். வீட்டுச் சட்டியில் வைத்த கறி விரைவில் ஆறிவிடும். கந்தூரிக் கிடாரத்து இறைச்சிக் கறியோ நடுவில் பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும். ஏறத்தாழ 45 பாகை செல்சியசுச் சூட்டில் உறைக்குள் ஒடுங்கியிருந்த பற்றீரியா விழித்துக்கொள்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. அவ்வாறு 3 மணி நேரம் இரட்டித்தால் ஒன்று இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிடும். நள்ளிரவில் இறக்கி வைத்த கறியை மறுநாள் நண்பகலில் பரிமாறுகிறோம் என்றால் நாம் பரிமாறுவது யாது என்று எண்ணிப் பாருங்கள்!

சோற்றுக்கும் ஒரு பகை உண்டு. பசிலசு சீரியசு என்னும் பற்றீரியா நெல்லோடும் மண்ணோடும் உறவுடையது. ஆறவிட்ட சோற்றில் அது கக்கும் வாந்தி நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ வரும் ஸ்டஃபிலோகொக்கசும் அத்தகையதே. கிருமி செத்தாலும் அதன் நஞ்சு நிற்கும். கோழியிறைச்சி, முட்டை வழியாகப் பெரும்பாலும் வருவது சல்மனெல்லா. கடலோரத்தார் அறிய வேண்டியது இன்னொன்று: விப்ரியோ பராஹீமோலிட்டிகசு. 1950இல் சப்பானின் ஒசாக்கா நகரில் அரைகுறையாக உலர்த்திய சிறுமீனை உண்டு 272 பேர் நோயுற்று 20 பேர் மாண்டபோது, புஜினோ என்னும் அறிஞர் அதனைக் கண்டுபிடித்தார்.

கைதேர்ந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆய்வுகூடம் செல்லுமுன்பே கடிகாரத்தைக் கொண்டு துப்புத் துலக்கத் தொடங்குவார். உண்டு ஓரிரு மணி நேரத்தில் வாந்தி என்றால் நஞ்சு உணவிலேயே இருந்தது. சோற்றையும் சமையற்காரர் கையையும் பார்க்க வேண்டும். எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிற்று நோவும் போக்கும் என்றால் பெருங்கிடாரத்து இறைச்சியைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் கழித்துக் காய்ச்சலும் சேர்ந்தால் சல்மனெல்லாவை ஐயுற வேண்டும். ஆயினும் ஐயம் தீர்ப்பாகிவிடாது. தீர்ப்பைச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும்.

பழைய முறை கிருமியை வளர்த்துக் காண்பது. உணவிலிருந்து சல்மனெல்லாவைப் பிரித்தெடுக்க, முதல் நாள் ஊட்ட நீரில் அதனைத் தேற்ற வேண்டும். இரண்டாம் நாள் ஏனைய கிருமிகளை அடக்கி அதனை மட்டும் பெருக்க வேண்டும். மூன்றாம் நாள் தட்டில் பரப்ப வேண்டும். பின்னர் இரசாயனச் சோதனையாலும் குருதிநீர்ச் சோதனையாலும் உறுதி செய்ய வேண்டும். நான்கைந்து நாட்களுக்குக் குறைந்து முடிவு வாராது. இதில் எவருடைய சோம்பலும் இல்லை. கிருமி தன் வேகத்தில்தான் வளரும்.

ஆனால் தூரம் கூட்டும் தாமதம் மனிதன் செய்தது. இந்நாட்டின் பற்றீரியா ஆய்வு நேற்று முளைத்ததன்று. 1900ஆம் ஆண்டிலேயே கொழும்பில் பற்றீரியா ஆய்வு நிலையம் தோன்றிவிட்டது. பொரளையில் இன்றுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. சல்மனெல்லாவை வகை பிரிக்க உதவும் குருதிநீர்ச் சோதனையை 1902இல் வகுத்த இத்தாலிய அறிஞர் அல்டோ கஸ்தெல்லானி, மறு ஆண்டே கொழும்புக்கு வந்து அந்நிலையத்தில் பணியாற்றினார். உலகின் முன்வரிசையில் நின்ற அறிவு அன்று இத்தீவில் குடியேறியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின்னரும் அவ்வறிவின் உச்சம் தலைநகரிலேயே குவிந்து கிடப்பது ஏன் என்பதே நம் கேள்வி.

கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை இருக்கிறது. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்தனுப்பினால் கெடாது என்று சொல்வோர் உளர். பெருங்கிடாரத்துக் குளொஸ்ட்ரிடியமும் கடல்மீனின் விப்ரியோவும் நெடுநேரக் குளிரில் நலிந்து மாள்பவை. எவை நம் விருந்துகளுக்கும் நம் கடலுக்கும் உரிய பகைகளோ, அவையே நெடும் பயணத்தில் தடயமின்றி மறையக்கூடியவை. "கிருமி காணப்படவில்லை" என்று வரும் அறிக்கை எப்போதும் "கிருமி இருக்கவில்லை" என்று பொருள்படாது. வழியில் செத்தது என்றும் பொருள்படலாம்.

இந்நிலையில் விரைவு முறைகள் வந்திருக்கின்றன. 2020இல் கொரோனா வந்த பின் பீ.சீ.ஆர். என்ற மூன்றெழுத்தை அறியாத வீடு நம் கரையில் இல்லை. 1983இல் காரி மல்லிசு என்னும் அமெரிக்கர் எண்ணிக் கண்டு, 1993இல் நோபெல் பரிசு பெற்ற முறை அது. கிருமி வளரும்வரை அது காத்திருப்பதில்லை. கிருமியின் மரபுப் பொருளில் ஒரு துண்டைப் பிடித்துக் கோடிக்கணக்கில் படியெடுத்துக் காட்டிவிடுகிறது. நோயாளியின் மலத்தில் உள்ள கிருமியைச் சில மணி நேரத்தில் சொல்லும். இருபதுக்கும் மேற்பட்ட நோய்க்காரணிகளை ஒரே வேளையில் தேடி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடையளிக்கும் பெட்டிகளும் உள்ளன. உணவில் கிருமி சிறிதாகவும் பிற பொருள் பெரிதாகவும் இருப்பதால் சில மணி நேரமோ ஓர் இரவோ தேற்றிய பிறகே தேட வேண்டும். அப்படியும் மறுநாள் விடை வரும். ஸ்டஃபிலோகொக்கசின் நஞ்சையே பிடித்துக் காட்டும் எதிர்ப்பொருட் சோதனைகளும் உண்டு. கிருமி செத்த உணவிலும் அவை குற்றத்தைக் காட்டும்.

விலையுயர்ந்த பொறி வாங்க வழியில்லை என்பார்க்கும் விடை உண்டு. 2000ஆம் ஆண்டில் சப்பானியர் அறிவித்த லாம்ப் என்னும் முறைக்கு, சூட்டை ஏற்றி இறக்கும் பொறி வேண்டியதில்லை. 60 முதல் 65 பாகை வரை ஒரே சூட்டில் வைத்திருக்கும் எளிய கருவி போதும். ஒரு மணி நேரமளவில் முடிவு தெரியும்.

விரைவு முறையைப் புகழும் நாம் அதன் குறையை மறைக்கமாட்டோம். பீ.சீ.ஆர். செத்த கிருமியையும் உயிருள்ளது போலக் காட்டும். இருக்கிறது என்று சொன்னால் போதாது, எத்தனை இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். குளொஸ்ட்ரிடியத்தைக் குற்றவாளியாக்க ஒரு கிராம் உணவில் இலட்சக்கணக்கில் அது இருந்தாக வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதும், உணவிலுள்ளதும் நோயாளியிடம் உள்ளதும் ஒரே வகையா என்பதும் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதிப்படும். ஆதலின் விரைவு முறை முன்னே ஓடி வழிகாட்ட, வளர்ப்பு முறை பின்னே வந்து முத்திரையிட வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலன்றி உண்மை முழுமை பெறாது.

முழுமை பெறாத உண்மை என்ன செய்யும் என்பதற்கு உழவர்கள் அறிய வேண்டிய சான்று ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் செருமனியில் கொடிய ஈ.கோலை நோய் பரவியது. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மே 26ஆம் நாள் ஹம்பேர்க் நகர அதிகாரிகள் இசுப்பானிய வெள்ளரிக்காயே காரணம் என்றனர். வெள்ளரிக்காயில் ஈ.கோலை இருந்தது மெய். நோயாளரிடம் கண்ட வகை அதுவன்று என்பது சில நாட்களில் புலனாயிற்று. அதற்குள் சந்தைகள் மூடிக்கொண்டன. விளைந்த காய் குப்பையில் கொட்டப்பட்டது. வாரத்துக்கு 20 கோடி யூரோ இழப்பு என்று இசுப்பானிய விவசாயிகள் கதறினர். சூன் 10ஆம் நாள் உண்மை அறிவிக்கப்பட்டது: குற்றவாளி முளைகட்டிய தானியம், வெந்தய விதை வழியாக வந்த கிருமி. ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடிக்கும் அதிகமான யூரோவை இழப்பீடாக ஒதுக்கிற்று.

அங்கே இழப்பீடு கொடுக்க ஐரோப்பிய ஒன்றியம் இருந்தது. சம்மாந்துறையில் எருமைத் தயிர்ச் சட்டி அடுக்கி விற்பவருக்கும், நிந்தவூரில் கரைவலை இழுப்பவருக்கும், அக்கரைப்பற்றில் கோழி வளர்ப்பவருக்கும், மருதமுனையில் சிற்றுண்டிக்கடை நடத்துபவருக்கும் யார் இழப்பீடு தருவார்? ஒரு கந்தூரியில் தயிர் மேல் ஐயம் எழுந்தால் மறுநாள் அவ்வட்டாரத்துத் தயிர் முழுவதும் தேங்கும். தயிர் குற்றமற்றது என்ற அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்தால் அதை வாசிப்பார் யார்? ஆகவே விரைவாய்வு குற்றவாளியைப் பிடிக்கும் வலை மட்டுமன்று. குற்றமற்றவரைக் காக்கும் கேடயமும் ஆகும்.

இன்னும் ஒன்று உண்டு. எழுதக் கை தயங்குகிறது. எழுதாமலிருக்க மனம் இடந்தரவில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு அம்பாறை நகரில் முசுலிம் ஒருவரின் உணவகத்தில் உண்டவர், உணவில் கட்டியாக ஏதோ கிடந்ததென்றார். அது கருவளத்தைக் கெடுக்கும் மாத்திரை என்று கூக்குரல் எழுந்தது. அத்தகைய மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை. ஆயினும் அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அப்பொருளைச் சோதித்து வெறும் மாவுக் கட்டியே என்று கூறியது. அது வெளிவந்தபோது மார்ச் மாதம் பிறந்துவிட்டது. கண்டி மாவட்டம் எரிந்துகொண்டிருந்தது. நாட்டில் அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டிருந்தது.

அங்கே கிருமி இல்லை என்பதை அறிவோம். ஆய்வுகூடம் மட்டும் அன்றிரவின் வெறியை அடக்கியிருக்கும் என்று சொல்லவும் நாம் துணியவில்லை. வெறி கொண்டவன் அறிக்கைக்குக் காத்திருப்பவனல்லன். ஆனால் வெறியனின் பின்னே ஐயத்தோடு நிற்கும் ஆயிரம் பேர் உளர். அவர்களிடம் மறுநாட் காலையில் ஓர் உண்மை சொல்லப்பட்டிருந்தால் பொய் அத்தனை ஊர்களுக்கு நடந்திருக்குமா? உணவைப் பற்றிய பழி இனத்தைப் பற்றிய பழியாக மாற எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதை இம்மாவட்டம் தன் உடலில் பட்டு அறிந்திருக்கிறது. ஆய்வின் வேகம் இங்கே அறிவியலுக்கு மட்டும் உரிய பொருளன்று. அமைதிக்கும் உரிய பொருள்.

"வைத்தியம் செய்ய ஆய்வுகூடம் எதற்கு? போக்கு என்றால் நீரும் உப்பும் கொடுத்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. பெரும்பாலான நோயாளருக்கு அது போதும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விருந்திலிருந்து பொதியாக வீட்டுக்குக் கொண்டுபோன சோற்றை நீரும் உப்புமா தடுக்கும்? கிருமியைச் சுமந்துகொண்டு அடுத்த ஊர்த் திருமண வீட்டுக்குச் சமைக்கப் போகும் கையை எது தடுக்கும்? அதே பண்ணையிலிருந்து மறுநாள் வரும் முட்டையை எது தடுக்கும்? கட்டிலில் கிடப்பவனுக்கு வைத்தியர் போதும். இன்னும் உண்ணாதவனைக் காக்க ஆய்வுகூடம் வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகளைத் திட்டமாகக் கூறுகிறோம். முதலாவது, கல்முனைப் பிராந்தியத்துக்கென, உணவையும் நீரையும் நோயாளரின் மாதிரிகளையும் ஒரே இடத்தில், விரைவு முறையாலும் வளர்ப்பு முறையாலும் சோதிக்கும் கூடம் நிலைபெற வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் நாட்டின் பல வைத்தியசாலைகளுக்கு வந்த பீ.சீ.ஆர். பொறிகள் இதற்கும் உதவக்கூடியவை. இரண்டாவது, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. அங்கே உயிரியல் கற்கும் நம் பிள்ளைகளின் அறிவு நம் ஊர்க் கிடாரங்களுக்குப் பயன்பட வேண்டும். மூன்றாவது, மாதிரி எடுத்த நாளிலிருந்து இத்தனை மணிக்குள் முதல் அறிக்கை என்று காலவரையறை விதிக்கப்பட வேண்டும். அவ்வறிக்கை மக்கள் பேசும் தமிழில் வெளியிடப்பட வேண்டும். பள்ளிவாசலிலும் கோவிலிலும் சந்தையிலும் வாசிக்கப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்க வழி வகுத்திருக்கிறது. நிரபராதியை அறிவிக்கவும் ஒரு வழி வேண்டும்.

ஆட்சியாளரைக் கேட்கும் நாம் நம்மை நாமே கேட்க வேண்டியவையும் உள. எத்தனை பெரிய ஆய்வுகூடம் எழுந்தாலும் மாதிரி இல்லையேல் அது ஊமை. கந்தூரியோ, கலியாணமோ, கோவில் அன்னதானமோ, பெருஞ்சமையல் எதுவாயினும் ஒவ்வொரு உணவிலும் ஒரு சிறு கிண்ணம் எடுத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நாட்களுக்கு வையுங்கள், உறையவிட வேண்டாம். எவருக்கும் நோய் வராவிட்டால் கொட்டிவிடலாம். வந்தால் அக்கிண்ணமே உங்கள் சாட்சி. நோய் கண்டால் கிடாரத்தைக் கழுவ ஓடாதீர்கள். பரிசோதகர் வரும்வரை பொறுத்திருங்கள். வைத்தியர் மல மாதிரி கேட்டால் வெட்கி மறுக்காதீர்கள்; கிருமிகொல்லி மருந்தை விழுங்குமுன் கொடுங்கள். கறியைப் பெருங்கிடாரத்தில் ஆறவிடாமல் அகன்ற சிறு பாத்திரங்களில் பகிர்ந்து வையுங்கள். கூடியமட்டும் சமைத்த சூட்டிலேயே பரிமாறுங்கள். இச்சிறு ஒழுங்குகளுக்கு அரசின் அனுமதி தேவையில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தினரும் கோவில் அறங்காவலரும் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது நம் கரையின் பண்பு. அதில் பணக்காரன் இல்லை, ஏழை இல்லை. அடுத்தவன் கைபட்ட சோறு என்ற அருவருப்பு இல்லை. நம்பிக்கைதான் அந்தச் சஹனில் பரிமாறப்படும் முதல் உணவு. ஒரு முறை நோய் வந்து, காரணம் அறியப்படாமலே போனால், அந்த நம்பிக்கை கெடுகிறது. அயலவன் சமைத்ததை அயலவன் உண்ண அஞ்சுகிறான். ஓர் ஊர்த் தயிரை மற்றோர் ஊர் வாங்க மறுக்கிறது. ஓர் இனத்தவர் கடையில் மற்றோர் இனத்தவர் கால் வைக்கத் தயங்குகின்றனர்.

இறக்காமத்தில் மாண்ட மூவரை எந்த ஆய்வும் மீட்டுத் தராது. ஆனால் இனியொரு கந்தூரியில், இனியொரு பாடசாலையில், இனியொரு திருமண வீட்டில் துயரம் நேருமாயின், மறுநாள் சூரியன் சாய்வதற்குள் எது குற்றம், எது குற்றமன்று என்று தமிழ் பேசும் இம்மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும். சோறு மீதமிருக்கும்போதே உண்மையும் தெரிய வேண்டும். அதனைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கும் குரல் கல்முனையிலிருந்தே எழட்டும்!